தாக்குதல் அட்டவணை

ஆகஸ்ட் 9, சனி

இந்தக் குறிப்பேட்டில் நடப்பதையெல்லாம் நடந்தபடியே எழுதுவேன். கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன், எனக்கு வெட்கமான விஷயம் என்றாலும் விடமாட்டேன். நூலகத்திலிருந்து எடுத்துவந்த பறவைப் புத்தகத்தில் அவதானிப்பவருக்கு ஒரே ஒரு விதிதான் இருக்கிறது. கண்டதை எழுது, நினைத்ததை எழுதாதே.

அதனால் முதலில் நான் யார் என்பது. பெயர் சாருகா. வயது பதின்மூன்று. வவுனியாவிலிருந்து கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து பதினான்கு மாதங்கள். அப்பா எனக்கு நான்கு வயதாக இருந்தபோது இறந்துவிட்டார். நானும் அம்மாவும் அம்மாவின் அண்ணன் நித்தி மாமாவின் வீட்டில் இருக்கிறோம். எங்களைக் கூப்பிட்டது அவர்தான். மாமாவுக்குக் கார் திருத்தும் கடை இருக்கிறது. ஞாயிறு தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அவர் தலைவர். எல்லோரும் அவரை மரியாதையாக நித்தி அண்ணை என்பார்கள். மாமி ஒருவர் இருந்தார். நாங்கள் வருவதற்கு முன்பே வீட்டைவிட்டுப் போய்விட்டார். அவரைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

இன்று கராஜைக் கூட்டும்போது ஒரு பெட்டிக்குள் சிவப்பு மூடி போட்ட கண்ணாடிக் குடுவை கிடைத்தது. ரீங்காரச்சிட்டுக்கு, இங்கே ஹம்மிங்பேர்ட் என்பார்கள், சீனித்தண்ணி வைக்கிற குடுவை. அடியில் ஒட்டியிருந்த தாளில் தமிழில் "சீனி 1, தண்ணி 4" என்று எழுதியிருந்தது. மாமியின் கையெழுத்தாக இருக்கவேண்டும். மாமா நகத்தால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, குடுவையைப் பின்வளவில் எனக்காகக் கட்டித் தந்தார். நான் துள்ளினேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வந்துவிட்டது. ஒரு ஆண். அம்மா தேன்சிட்டு என்றார். இல்லை என்று விளக்கினேன். நம்மூர்த் தேன்சிட்டு பூவில் குந்தியிருந்து குடிக்கும். இது குந்தாது. காற்றில் ஒரே இடத்தில் நின்றபடி குடிக்கும். ஒரு செக்கனுக்கு ஐம்பது தடவைக்கு மேல் சிறகடிக்கும். பின்பக்கமாகவும் பறக்கும். வேறு எந்தப் பறவைக்கும் இப்படி முடியாது. எடை மூன்று கிராம். பத்துச் சத நாணயம் இரண்டின் எடை கூட இல்லை. பறக்கும்போது இதயம் நிமிடத்துக்கு ஆயிரத்து இருநூறு தடவை அடிக்குமாம். குளிர் இரவில் அதையே ஐம்பதுக்கு இறக்கிவிட்டுச் செத்ததுபோல் தொங்குமாம்.

ஆணின் கழுத்து சில நேரம் கறுப்பு, சில நேரம் நெருப்புச் சிவப்பு. அது நிறமே அல்ல, வெளிச்சம் படுகிற கோணம் என்கிறது புத்தகம். அது உங்களைப் பார்த்துத் திரும்பினால்தான் சிவப்பு தெரியும்.

அம்மா கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தார். பிறகு, "இவ்வளவு சின்னதுக்கு ஏன் இவ்வளவு கோவம்?" என்றார். அதையும் வாசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

ஆகஸ்ட் 16, சனி

ஏன் கோபம் என்பதற்குப் பதில்: பசி. பகலில் ஓயாமல் குடிக்காவிட்டால் அது செத்துப்போகும். அதனால் ஒரு பூவைக் கண்டால் அதை வேறு யாரும் தொடவிடாது.

ஆனால் எங்கள் குடுவையில் இருபது சிட்டுகளுக்குப் போதுமானது இருக்கிறது. நான்கு துளைகள் இருக்கின்றன. அந்த ஆண் மேப்பிள் கிளையில் இருந்துகொண்டு ஒரு பெட்டை வந்தால் போதும், மேலிருந்து பாய்கிறது. இன்று ஒன்றின் முதுகில் அலகால் குத்தியது. பஞ்சு மாதிரி இரண்டு இறகுகள் பறந்தன. இரண்டும் மார்போடு மார்பு கொளுவி, சுழன்று, புல்லில் விழுந்து, அங்கேயும் குத்திக்கொண்டன. எழும்பிப் போனது ஒன்று மட்டும்தான். மற்றது கொஞ்ச நேரம் கிடந்தது.

புத்தகத்தில் ஒரு அட்டவணை இருக்கிறது. அதைப் பின்பற்றப் போகிறேன். தரம் 1, மிரட்டல். தரம் 2, துரத்தல். தரம் 3, அடித்தல். தரம் 4, அடிபட்டது தரையில் விழுதல்.

இன்று ஒரு மணி நேரத்தில்: தரம் 1 பதினொன்று தடவை. 2 ஒன்பது. 3 இரண்டு. 4 ஒன்று.

ஆகஸ்ட் 20, புதன்

ஒரு பிழை நடந்துகொண்டிருக்கிறது. மாமா குடுவைக்குள் ஊற்றுவது பனங்கட்டித் தண்ணீர், பனைவெல்லம் கரைத்தது. வெள்ளைச் சீனி நஞ்சு என்பது அவருடைய கொள்கை. ஊரிலிருந்து ஓலைக் குட்டான்களில் வரும் பனங்கட்டியைக் காய்ச்சி, ஆறவைத்து, வடித்து, தானே ஊற்றுகிறார். அன்பாகத்தான் செய்கிறார். ஆனால் பனங்கட்டியில் இருக்கும் இரும்பை இந்தச் சிட்டின் உடம்பு தாங்காது என்று புத்தகம் சொல்கிறது. பழுப்பு நிறமான எதையும் வைக்கக்கூடாது. வெள்ளைச் சீனி, தண்ணீர், அவ்வளவுதான்.

இரவுச் சாப்பாட்டின்போது அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். மாமா சிரித்தார். "பனங்கட்டி குடிச்சு வளந்தவன் நான். நான் செத்தே போனன்?" என்றார். பிறகு மாமியையும் இழுத்தார். "அவளும் சீனியைக் குடுத்துத்தான் உதுகளைக் கெடுத்தவள்." அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மாமா கடைக்குப் போனபிறகு அம்மா குடுவையைக் கழற்றிக் கழுவினார். சீனி ஒரு கப், தண்ணீர் நான்கு கப். "உன்ரை சிட்டுகள் சாகக்கூடாதெல்லே" என்றார். நான் கேட்கவில்லை. அம்மாவாகச் செய்தார். அதை எழுதியே ஆகவேண்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மாமா தமிழ்ப் பள்ளிக்கூடக் கூட்டத்திலிருந்து மத்தியானம் வந்தார். புதுப் பனங்கட்டியை அடுப்பில் போட்டுவிட்டு, குடுவையை எடுக்கப் பின்வளவுக்கு வந்தார். குடுவைக்குள் இருந்தது வெறும் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது.

"ஆர் மாத்தினது?"

நான் குறிப்பேட்டோடு கதிரையில் இருந்தேன். மாமா திரும்பவும் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்தக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறேன் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது.

"அம்மா" என்றேன்.

மாமா உள்ளே போய்க் கண்ணாடிக் கதவை இழுத்துப் பூட்டினார். கண்ணாடி இரட்டைத் தடிப்பு, சத்தம் வெளியே வராது. நான் கண்டதை மட்டும் எழுதுகிறேன். அம்மா அடுப்படியில் நின்றார். மாமாவின் வாய் அசைந்தது. அம்மா தலையைக் குனிந்தார். மாமா அம்மாவின் பிடரியைப் பிடித்து அலமாரியோடு அடித்தார். மூன்று தடவை. அம்மா கையை உயர்த்தினார். மாமா பாகுக்குள் இருந்த அகப்பையை எடுத்து அந்தக் கையில் போட்டார். இரண்டு தடவை. பாகு ஒட்டிக்கொண்டது. அம்மா மற்றக் கையால் அதைத் துடைக்கப் பார்த்தார், அந்தக் கையிலும் ஒட்டியது. பிறகு அம்மா தெரியவில்லை, ஏனென்றால் நிலத்தில் இருந்தார்.

என் காதுக்குப் பக்கத்தில் ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆண் அந்த நேரத்திலும் ஒரு பெட்டையைத் துரத்தியது.

வெளியே: 2 மூன்று. 3 ஒன்று.
உள்ளே: 3 ஐந்து. 4 ஒன்று.

ஒரே அட்டவணையில் எழுதுவது வசதி.

ஆகஸ்ட் 25, திங்கள்

அம்மாவின் கைக்குக் கற்றாழை வைத்துக் கட்டினேன். தோசை சுடும்போது எண்ணெய் தெறித்தது என்று கேட்பவர்களுக்குச் சொல்லவேண்டுமாம். எங்கள் வீட்டில் ஒரு கிழமையாகத் தோசை சுடவில்லை.

அம்மா என்னோடு கோபமில்லை. "நீ பொய் சொல்லாத பிள்ளை" என்று தலையைத் தடவினார். கட்டுப்போட்ட கையால்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நாங்கள் ஏன் வேறு வீட்டுக்குப் போகக்கூடாது என்று கேட்டேன். எங்கள் இரண்டு பேரின் பாஸ்போட்டும் மாமாவின் மேசை லாச்சிக்குள் பூட்டியிருக்கிறது என்றார் அம்மா. இங்கே தங்குவதற்கான எங்கள் கேஸ் இன்னும் முடியவில்லையாம். தான் ஒரு கடிதம் எழுதினால் போதும், இரண்டு பேரையும் பிளேனில் ஏற்றிவிடுவார்கள் என்று மாமா சொல்லியிருக்கிறாராம். அது உண்மையா என்று கேட்டேன். அம்மாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

குடுவையில் பனங்கட்டி.

செப்டம்பர் 2, செவ்வாய்

எட்டாம் வகுப்பு தொடங்கியது. விஞ்ஞானப் பாடத்துக்கு மிஸ் ஹாலொரன். உயரம், நரைமுடி, சைக்கிளில் வருகிறார். ஒவ்வொருவரும் ஒரு உயிரினத்தைத் தொடர்ந்து அவதானித்து அட்டவணை தரவேண்டும் என்றார். நான் ஏற்கனவே தொடங்கிவிட்டேன் என்றபோது கைகுலுக்கினார். ஒரு ஆசிரியர் எனக்குக் கைகொடுத்தது இதுதான் முதல் தடவை.

செப்டம்பர் 6, சனி

குடுவையின் அடியில் ஒரு கும்பிடுபூச்சி தலைகீழாகத் தொங்கியது. என் நடுவிரல் நீளம், பச்சை. நான் இலை என்று நினைத்துவிட்டேன். ஒரு பெட்டைச் சிட்டு ஆணை ஏமாற்றிக் கீழ்ப்பக்கமாக வந்து குடிக்க அலகை வைத்தது. பூச்சி இரண்டு முன்கைகளாலும் அதன் கழுத்தைப் பிடித்தது. சிட்டு சிறகடித்தது. குடுவை முழுவதும் ஆடியது. பூச்சி அவசரப்படவில்லை. கண்ணுக்குப் பக்கத்திலிருந்து தின்னத் தொடங்கியது. சிறகு நிற்க நான்கு நிமிடங்கள் எடுத்தன.

நான் ஓடிப்போய்ப் பிரித்திருக்கலாம். தடி பக்கத்தில்தான் கிடந்தது. நான் நிமிடங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மாமா வந்து பார்த்தார். பூச்சியைச் சிட்டோடு சேர்த்துப் பிடுங்கி, இரண்டையும் சீமெந்தில் போட்டுச் செருப்பால் மிதித்தார். "களவாய் வந்து குடிச்சால் இதுதான்" என்று அடுப்படி யன்னல் பக்கம் பார்த்துச் சொன்னார். அங்கே அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

வெளியே: 4 ஒன்று.
உள்ளே: 1 இரண்டு.

செப்டம்பர் 14, ஞாயிறு

தமிழ்ப் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழா. மாமாவுக்குப் பொன்னாடை. தாயைப் போற்றாத சமூகம் தலையெடுக்காது என்று பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். அம்மாவும் தட்டினார். உள்ளங்கைவரை மூடுகிற நீளக் கைச் சட்டை போட்டிருந்ததால் சத்தம் குறைவாக வந்தது.

வீட்டுக்கு வந்தபிறகு மாமா சொன்ன காரணம்: அம்மா மண்டபத்தில் யாரோ ஒரு பெண்ணோடு அதிகம் கதைத்தாராம்.

உள்ளே: 2 ஒன்று. 3 நான்கு.

செப்டம்பர் 18, வியாழன்

ஆணைக் காணவில்லை. தெற்கே போயிருக்கும். ஆண்கள்தான் முதலில் கிளம்புமாம். பெட்டைகளும் குஞ்சுகளும் இரண்டு நாளாக நிம்மதியாகக் குடிக்கின்றன. பிறகு ஒரு குஞ்சு, கழுத்தில் ஒரேயொரு சிவப்பு இறகு முளைத்தது, கிளையில் ஏறி இருந்துகொண்டு மற்றவற்றைத் துரத்தத் தொடங்கியது.

உள்ளே: 3 ஒன்று.

செப்டம்பர் 26, வெள்ளி

கடைசிச் சிட்டு. காலை 7.40. இனி அவை மெக்சிக்கோ வரை போகும். நடுவில் ஒரு பெருங்கடல் வளைகுடாவை இரவு பகலாக நிற்காமல் கடக்கும். மூன்று கிராம் உடம்பை ஐந்து, ஆறு கிராம் ஆக்கிக்கொண்டுதான் கிளம்புமாம். போகிற வழியைத் தாய் காட்டிக் கொடுப்பதில்லை. ஒவ்வொன்றும் தனியாகத்தான் போகும்.

அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். "தனியாவோ?" என்று இரண்டு தடவை கேட்டார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

வெளியே: 0.
உள்ளே: 3 இரண்டு.

அக்டோபர் 5, ஞாயிறு

வெளியே: 0.
உள்ளே: 2 ஒன்று. 3 ஆறு. 4 ஒன்று. அம்மா படியில் சறுக்கியதாகச் சொல்லச் சொன்னார். அந்தப் படியில் கார்ப்பெற் விரித்திருக்கிறது.

அக்டோபர் 15, புதன்

அட்டவணையைக் கையளித்துவிட்டேன்.

ஒரு பிழை விட்டுவிட்டேன். வெளியே என்ற பகுதியை மட்டும்தான் பிரதி எடுத்திருக்கவேண்டும். அவசரத்தில் உள்ளே என்பதையும் சேர்த்து எழுதிவிட்டேன். இரண்டு பின்னேரம் இருந்து, சிவப்புப் பேனாவால் கோடு போட்டு எழுதினேன். இனம், எடை என்று தலைப்புகள் இருந்ததால் அவற்றையும் நிரப்பினேன். வெளியே, 3 கிராம். உள்ளே, தாக்கியது 92 கிலோ, தாக்கப்பட்டது 48 கிலோ. எல்லாம் ஆங்கிலத்தில்.

அக்டோபர் 16, வியாழன்

வகுப்பு முடிந்ததும் மிஸ் ஹாலொரன் என்னை நிற்கச் சொன்னார். கதவைச் சாத்தவில்லை, பாதி திறந்து வைத்தார். செப்டம்பர் 26க்குப் பிறகு சிட்டுகள் இல்லையே, அதன்பிறகும் யாரை எண்ணினாய் என்று கேட்டார். எடை எழுதியிருக்கிறேனே என்றேன். தெரியும், அதை வாசித்தேன் என்றார். 48 கிலோ யார் என்று மெதுவாகக் கேட்டார்.

கேட்டால் சொல்லவேண்டும். சொன்னேன்.

சட்டப்படி தான் பிள்ளைகளைப் பாதுகாக்கும் அலுவலகத்துக்கு அறிவிக்கவேண்டும் என்றார். பாஸ்போட் விஷயத்தையும் சொன்னேன். அப்படி ஒரு கடிதத்தால் யாரையும் பிளேனில் ஏற்றமுடியாது, சரியாகத் தெரிந்த ஒருவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

அக்டோபர் 17, வெள்ளி

பின்னேரம் நான்கு மணிக்கு அந்த அலுவலகத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். மாமா கதவைத் திறந்து சிரித்து வரவேற்றார். தேத்தண்ணி போடச் சொன்னார். தங்கைக்கு ஆங்கிலம் வராது, நானே மொழிபெயர்க்கிறேன் என்றார். அவர்கள் வேண்டாம் என்று அம்மாவை அடுப்படிக்குக் கூட்டிப் போய், தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரை எடுத்தார்கள். நான் படியில் இருந்து கேட்டேன். தமிழ்நாட்டுக் குரல். "உங்களை யாராவது அடிக்கிறாங்களாம்மா?" என்று மூன்று விதமாகக் கேட்டார்.

மூன்று தடவையும் அம்மா "இல்லை" என்றார். கை? எண்ணெய். கன்னம்? படி.

என்னிடம் தனியாகக் கேட்டார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். திங்கட்கிழமை திரும்பி வருவோம் என்று ஒரு அட்டை தந்துவிட்டுப் போனார்கள். மாமா வாசல்வரை போய்க் கையசைத்தார். அன்று முழுக்க அவர் எதுவும் செய்யவில்லை.

உள்ளே: 0. இதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அக்டோபர் 18, சனி

மாமா கடைக்குப் போகவில்லை. காலை பத்து மணிக்கு என் அறைக்கு வந்து, "கொப்பி எங்கை?" என்று கேட்டார். எந்தக் கொப்பி என்று கேட்டிருக்கலாம். புத்தகப் பைக்குள் என்று சொன்னேன். பையை நான் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தேன். அதை ஏன் அப்படிப் பிடித்திருந்தேன் என்று தெரியவில்லை.

மாமா என் பின்னலைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியால் இறங்கினார். அடுப்படிக்கு வந்ததும் என் வலக்கையை மேசையில் விரித்து வைத்து, "இந்தக் கைதானே எழுதினது?" என்றார். விரல்களைப் பின்பக்கமாக வளைத்தார். சின்ன விரல் சத்தம் போட்டது. நானும் போட்டேன்.

அம்மா திருவலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். "அண்ணை, பிள்ளையை விடுங்கோ" என்றார். மாமா விடவில்லை. "அண்ணை" என்று இன்னொரு தடவை, அதைவிட மெதுவாகச் சொன்னார். மாமா அடுத்த விரலைப் பிடித்தார்.

அம்மா பலகையோடு திருவலையைத் தூக்கி, அதன் பல்லால் மாமாவின் மணிக்கட்டில் அடித்தார். மாமா என்னை விட்டார். அம்மா விடவில்லை. தோளில் ஒன்று. தலையில் ஒன்று. அம்மாவின் முகம் எனக்குத் தெரியாத முகமாக இருந்தது. தேங்காய்ப் பூ எல்லாவற்றிலும் பறந்து, இரத்தத்தில் ஒட்டியது. மாமா அலமாரியோடு சரிந்து நிலத்தில் இருந்தார். நீ மறியலுக்குத்தான், சிறைக்குத்தான் போவாய் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா திருவலையைக் கீழே வைக்காமல் மூச்சு வாங்கினார்.

"போனை எடு, பிள்ளை" என்றார். "பொலிசுக்கு எடு. நான் அடிச்சதையும் சொல்லு."

இடக்கையால் எழுதுவதால் எழுத்துச் சரியில்லை.

உள்ளே: 3 நான்கு. 4 ஒன்று. தாக்கியது 92 கிலோ, ஒரு தடவை. தாக்கியது 48 கிலோ, மூன்று தடவை. விழுந்தது 92 கிலோ.

அக்டோபர் 19, ஞாயிறு

பெண்கள் மட்டும் தங்கும் ஒரு வீட்டில் இருக்கிறோம். முகவரியை எழுதக்கூடாது என்று சொன்னார்கள், எழுதவில்லை. என் விரலுக்குத் தகடு வைத்துக் கட்டியிருக்கிறது. மாமாவின் தலையில் தையல் போட்டபிறகு பொலிஸ் அவரைக் கூட்டிப்போய்விட்டது. தங்கைதான் தன்னைக் கொல்லப் பார்த்தாள் என்று சொல்லியிருக்கிறாராம். அம்மாவை என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. நாளை ஒரு பொலிஸ் அதிகாரி வந்து இந்தக் குறிப்பேட்டை எடுத்துப் போவார். அதற்கு முன் ஒரு வரியும் மாற்றவேண்டாம் என்று என்னிடம் சொன்னார்.

பின்னேரச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா கொப்பியைக் கேட்டார். நேற்றைய வரியைத்தான் தேடினார். வாசித்தார். அதை வெட்டச் சொல்வார் என்று நினைத்தேன். சொன்னால் வெட்டுவேனா என்றும் நினைத்தேன். அதற்குப் பதில் தெரியவில்லை, எழுதாமல் விடுகிறேன்.

"இது சரி" என்றார் அம்மா. பிறகு செப்டம்பர் பக்கத்துக்குப் போனார். விரலை ஒவ்வொரு நாளாக நகர்த்தினார். "எல்லாம் சனி ஞாயிறும் பின்னேரமும்தான் கிடக்கு. நீ பள்ளிக்கூடத்திலை நிண்ட நேரம்?"

நான் பார்க்காததை எழுதமுடியாது என்றேன்.

"நான் பாத்தனான்தானே" என்றார். பேனாவைக் கேட்டார். அதிகாரி சொன்னதை ஞாபகப்படுத்தினேன். உன்னுடைய வரிகளைத் தொடமாட்டேன், பின்னாலுள்ள வெற்றுப் பக்கத்தில் என் பெயரைப் போட்டு எழுதுகிறேன் என்றார். முதலில் தன் பெயர், பிறகு தகப்பன் பெயர், பிறகு திகதி. செப்டம்பர் 3 புதன், 4 வியாழன், 5 வெள்ளி. ஒரு நாளைக்கூட அவர் யோசிக்கவில்லை.

பாதியில் நிறுத்தி, "கரண்டியாலை எறிஞ்சால் ரெண்டோ மூண்டோ?" என்று கேட்டார்.

பட்டால் மூன்று, படாவிட்டால் ஒன்று என்றேன்.

"தலைமயிரைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போறது?"

புத்தகத்தில் அது இல்லை என்றேன். சிட்டுக்குத் தலைமயிர் இல்லை. அதற்குத் தனியாக ஒரு நிரல் போடவேண்டும். அம்மா கொப்பியின் ஓரத்தை அளவாக வைத்துக் கோடு இழுத்தார். கோடு நேராகவே வந்தது. ஐந்து என்று தலைப்புப் போட்டுவிட்டு, அதற்குக் கீழே எழுதத் தொடங்கினார். முதல் பக்கம் நிரம்பியது. இரண்டாவது பக்கம் நிரம்பியது. நான் பக்கத்தில் இருந்து, அவர் கேட்கும்போது மட்டும் எண்ணைச் சொன்னேன். இன்னும் செப்டம்பரே முடியவில்லை. அதன்பிறகு, நாங்கள் வந்த நாளிலிருந்து ஆகஸ்ட் வரை பதினான்கு மாதங்கள் இருக்கின்றன.

இந்த வீட்டில் எல்லா அறைகளுக்கும் விளக்கு ஒரே இடத்திலிருந்துதான். அணைத்துவிட்டார்கள், யன்னல் வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன், மிச்சத்தை அம்மா விடிந்ததும் தொடங்குவார்.